வசந்தத்தில் பைக் மீன் பிடிக்க எங்கே போவது: நிப்பிசிங்கா, லேக் ஒவ் த வூட்ஸா, வொலாஸ்டனா?

"பைக் பிடிக்கப் போறம்" என்று சொன்னபோது அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏன், இருக்கிற கார் காணாதோ?" என்று கேட்டார். நான் சொன்ன பைக்குக்குச் சில்லு இல்லை. நார்தர்ன் பைக் என்கிற நன்னீர் மீன் அது. நம் ஆறு குளங்களில் அது கிடையாது என்பதால் தமிழில் பெயர் வைக்க ஒருவருக்கும் தேவை வரவில்லை. ஊரில் சீலா மீன் பார்த்தவர்களுக்கு உருவம் சட்டென்று பிடிபடும்: நீண்ட உடம்பு, வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், வாய் நிறைய ஊசிப் பற்கள். பச்சை உடம்பில் அவரை விதை மாதிரி வெளிர் மஞ்சள் புள்ளிகள். குணத்தில் மட்டும் விராலுக்குத்தான் கிட்ட. களைக்குள் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்கும்.

ஒவ்வொரு பங்குனியும் எங்கள் வட்டத்தில் இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். இந்த முறை நாலு பேர்: நான், என் மைத்துனர், பக்கத்து வீட்டு அண்ணை, என் 14 வயது மகன். புறப்படுவது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து. மூன்று ஏரிகளின் பெயர் அடிபட்டது. மைத்துனர் நிப்பிசிங் ஏரி என்றார். நான் லேக் ஒவ் த வூட்ஸ் என்றேன். யூடியூப் பார்த்துப் பார்த்து ஆசை ஏறிப்போயிருக்கும் மகன், சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடக்கு மூலையில் இருக்கும் வொலாஸ்டன் ஏரி என்றான். அண்ணைக்கு எங்கென்றாலும் சரி, சோறு கட்டிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான்.

எந்த ஏரி என்று மூன்று கிழமை வாக்குவாதப்பட்டோம். கேள்வியே பிழை என்று பிறகுதான் விளங்கியது. பைக்கைப் பொறுத்தவரை ஏரியைவிடக் கிழமைதான் முக்கியம்.

பனி உடைந்த கையோடு முட்டையிடுகிற மீன் இது. நடு ஏரியில் பனிக்கட்டி இன்னும் மிதந்துகொண்டிருக்கும்போதே, கரையோரத்தில் தண்ணீர் ஏறிய புல்லுக்குள் வந்துவிடும். தண்ணீர் 4 முதல் 10 பாகை செல்சியஸ் வரை இருக்கிற காலம் அது. முட்டையை இட்டுவிட்டு அப்படியே விட்டுப் போய்விடும். விராலைப் போலக் குஞ்சுக்குக் காவல் இருக்கிற பழக்கமெல்லாம் இல்லை. பெரிய மீன் என்றால் அநேகமாகப் பெட்டைதான். முட்டையிட்ட களைப்பில் அது சில நாட்கள் எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பிறகு தண்ணீர் 10 பாகையைத் தாண்டி 15, 16 வரை ஏறும்போது பசி வரும். ஆழமில்லாத அதே குடாக்களில் இரை தேடித் திரியும். 18, 20 ஆகிவிட்டால் பெரியவை குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும், குட்டிகள்தான் கரையில் மிஞ்சும். ஒரு மீற்றர் நீள மீனை இடுப்பளவு தண்ணீரில் கண்ணால் பார்த்துத் தூண்டில் வீசக்கூடிய காலம் இரண்டு கிழமை, மிஞ்சினால் மூன்று.

அந்த இரண்டு கிழமை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போகும். நிப்பிசிங்கில் பனி பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போய்விடும். நல்ல நாட்கள் மே நடுவில். லேக் ஒவ் த வூட்ஸில் மே முதல் பத்து நாட்களுக்குள் பனி போனால், நம்முடைய கிழமை மே கடைசி. வொலாஸ்டனில் ஜூன் பிறந்த பிறகும் பனி கிடக்கும். அங்கே ஜூன் நடுப்பகுதி. ஆகவே வேலையிடத்தில் லீவு எப்போது கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். ஏரி தானாகவே முடிவாகிவிடும். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடையாது என்பவர், வொலாஸ்டன் படங்களைப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நிப்பிசிங்கின் பெரிய பலம் தூரம். ரொறன்ரோவிலிருந்து, ஏரிக்கரையில் இருக்கிற நோர்த் பே நகரம் 340 கிலோமீற்றர் அளவுதான். வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து புறப்பட்டாலும் நள்ளிரவுக்கு முன் போய்ப் படுக்கலாம். ஏரி 870 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடந்தாலும் சராசரி ஆழம் ஐந்து மீற்றர்கூட இல்லை. ஆழமில்லாத ஏரி சீக்கிரம் சூடாகும், அது மீனுக்கு நல்லது. அதே காரணத்தால் மேல்காற்று அடித்தால் கொஞ்ச நேரத்தில் அலை எழும்பிவிடும், அது வள்ளத்துக்குக் கெட்டது. மேற்கே வெஸ்ட் ஆர்ம், வடமேற்கில் கேஷ் பே, கிழக்கே கலண்டர் பே என்று களை மண்டிய இடங்களுக்குக் குறைவில்லை.

முன்பொரு மே மாதம் அங்கே போய் முதல் ஒன்றரை நாள் வெறுங்கையோடு இருந்தோம். வாடகைக்கு எடுத்த வள்ளத்தின் மோட்டார் வேறு காலமையில் இருமி இருமித்தான் பற்றியது. பெரிய ஏரியில் கயிற்றில் கட்டி விட்ட வெப்பமானி 7 பாகை காட்டியது. இரண்டாம் நாள் பின்னேரம் காற்றுக்கு ஒதுங்கத்தான் வடக்குக் கரையில் ஒரு சின்னக் குடாவுக்குள் போனோம். தெற்குப் பார்த்த குடா. நாள் முழுக்க வெயில் விழும், வாடைக் காற்று படாது. அடியில் கறுப்புச் சேறு. வெப்பமானியை விட்டால் 12. போன வருடத்துக் கோரைத் தண்டுகள் பழுப்பாக நின்றன, தண்ணீர் துடுப்பில் பாதிக்கூட இல்லை. மகன் ஸ்பூனை, அதாவது கரண்டி வடிவ உலோகப் போலி இரையை, வீசி மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தான். கோரைக்குப் பக்கத்தில் ஒரு கட்டை கிடந்தது. "கட்டையிலை கொழுவப் போகுது, கெதியா இழு" என்று மைத்துனர் சொல்லி வாய் மூடவில்லை, கட்டை திரும்பியது. செவுள் ஒரு தரம் விரிந்து மூடியதைப் பார்த்தேன். பிறகு தண்ணீர் முழுக்கச் சேறு. 92 சென்றிமீற்றர். விடும்போது மகனின் கை நடுங்கியது குளிரில் என்று அவன் இன்றும் சொல்கிறான்.

அந்தப் பின்னேரம் கற்றுத்தந்ததை எந்த ஏரிக்குப் போனாலும் செய்கிறேன்: படத்தை விரித்து, வடக்குக் கரையில் இருக்கிற, சிற்றாறு ஏதாவது வந்து விழுகிற குடாக்களை முதலில் குறித்துக்கொள்வேன். 20 டொலர் வெப்பமானி 200 டொலர் தூண்டில் தடியைவிட அதிகம் மீன் பிடித்துத் தரும்.

நிப்பிசிங்கின் குறை சனம். மே மூன்றாம் சனிக்கிழமை வடக்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான பகுதிகளில் வொலாய் என்கிற இன்னொரு மீனுக்குப் பருவம் திறக்கும், அதாவது சட்டப்படி பிடிக்கத் தொடங்கலாம். அதே வார இறுதியில் விக்டோரியா நாளும் வந்து ஒட்டிக்கொள்வது வழக்கம். படகுத்துறையில் வரிசை நிற்கும், குடில்கள் மாதக் கணக்கில் முன்பதிவாகியிருக்கும். இன்னொரு சிக்கல் மஸ்கி. பைக்கின் பெரிய சொந்தக்காரன், இதே ஏரியில் இதே களைக்குள் இருக்கும், வசந்தத்தில் அதைப் பிடிக்கத் தடை. கடும் நிறத்தில் வெளிர் புள்ளி என்றால் பைக். வெளிர் நிறத்தில் கடும் புள்ளியோ கோடோ என்றால் மஸ்கி. வால் நுனி பைக்குக்கு உருண்டை, மஸ்கிக்குக் கூர். சந்தேகம் தீராவிட்டால் கீழ்த்தாடையைப் பாருங்கள்: ஒரு பக்கத்துக்கு ஐந்தோ குறைவாகவோ துளை இருந்தால் பைக், ஆறும் அதற்கு மேலும் என்றால் மஸ்கி. மஸ்கி என்றால் படம்கூட எடுக்காமல் உடனே விட்டுவிட வேண்டியதுதான்.

லேக் ஒவ் த வூட்ஸ் வேறு மாதிரியான இடம். 4,300 சதுர கிலோமீற்றருக்கு மேல், 14,500க்கு மேற்பட்ட தீவுகள், ஒன்ராறியோ, மனிற்றோபா, மினசோட்டா மூன்றும் பங்குபோடுகிற ஏரி. தீவுகளும் தீபகற்பங்களும் சேர்ந்து எண்ணிலடங்காத குடாக்களை வெட்டி வைத்திருக்கின்றன. என் வாதம் முழுக்க இதில்தான் நின்றது. பனி எந்தத் தேதியில் உடையும் என்று ஜனவரியில் முற்பணம் கட்டும்போது யாருக்கும் தெரியாது. நிப்பிசிங் மாதிரித் திறந்த ஏரியில் பத்து நாள் பிந்தினால் பயணமே போச்சு. இங்கே அப்படியில்லை. ஒரு குடா 9 பாகையில் இருந்தால் இன்னொன்று 13இல் இருக்கும். ஆழமான பக்கத்துக் குடா பிந்திச் சூடாகும், சேற்றுக் குடா முந்திச் சூடாகும். ஒரு கிழமை முன்னே பின்னே போனாலும் ஏதோவொரு குடா நமக்காகக் காத்திருக்கும். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஒதுங்க ஒரு தீவும் இருக்கும்.

ஒன்ராறியோப் பக்கத்தில் பைக்குக்கு இந்த ஏரியில் ஆண்டு முழுக்கப் பருவம் உண்டு, வொலாய் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மினசோட்டாப் பக்கமும் அப்படித்தான். அங்கே ஏப்ரலிலேயே, பனி விலகிய குடாக்களில் ஆட்கள் நின்று பிடிப்பார்கள். மூன்று மீன் வைத்துக்கொள்ளலாம், 30 முதல் 40 அங்குலம் வரை உள்ளதை விட்டுவிட வேண்டும். ஆனால் எங்கள் நால்வரில் இருவரிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஒரு மீனுக்காக அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்க அண்ணை தயாரில்லை.

தூரம்தான் கனக்கிறது. ரொறன்ரோவிலிருந்து, ஏரிக்கரை நகரமான கெனோராவுக்கு ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர். சுப்பீரியர் ஏரியின் கரையால் போகிற பாதை அழகுதான், ஆனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வின்னிபெக்குக்கு விமானத்தில் போய், அங்கே கார் எடுத்தால் 210 கிலோமீற்றர். காலையில் புறப்பட்டவர்கள் அன்றைக்குப் பின்னேரமே ஏரியில் நிற்கலாம். தூண்டில் தடிக் குழாயை விமானத்தில் ஏற்றுகிற கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த ஏரியில் தண்ணீருக்கு அடியில் பாறைகள் அதிகம். வரைபடம் ஏற்றிய ஜிபிஎஸ் இல்லாமல் மோட்டாரை முடுக்குபவர் அதன் விசிறியை ஒரு நாளில் கழற்றிவிடுவார்.

பக்கத்தில் லக் சூல் என்ற ஏரியும் பேச்சில் வந்தது. மீனுக்குக் குறைவில்லாத இடம். ஆனால் அது 1930 வாக்கில் இயர் ஃபோல்ஸ் அணையால் நீர் உயர்த்தப்பட்ட தேக்கம்; லக் சூல் முதற்குடி மக்களின் ஊர்களும் நிலமும் அதற்குள் மூழ்கின. மின்சாரத்துக்காகக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரை இறக்குவார்கள், வசந்தத்தில்தான் மறுபடி ஏறும். ஆழமில்லாத குடாவை நம்பிப் போகிறவருக்கு, போகிற நாளில் அந்தக் குடாவில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதே கேள்வி. கோடைப் பயணத்துக்கு அதை வைத்திருக்கிறோம். லேக் ஒவ் த வூட்ஸும் எப்போதும் சொன்னபடி கேட்கிற ஏரியல்ல. 2022இல் பனி மிகப் பிந்தித்தான் போனது, அதன் பின்னாலேயே அந்தப் படுகை முழுக்க வெள்ளம். குடில் பதிவு செய்யும்போது தேதி மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது இதனால்தான்.

இனி வொலாஸ்டன். மகன் கேட்டதில் பிழையே இல்லை. ஏறக்குறைய 58 பாகை வடக்கு. ஜூன் நடுவில் 18 மணித்தியாலம் பகல். ஒரே ஏரியிலிருந்து இரண்டு பக்கமும் ஆறு புறப்படுகிற விசித்திரமான இடம்: ஒன்று ஹட்சன் குடாவுக்குப் போகிறது, மற்றது மக்கென்சி வழியாக ஆர்க்டிக் கடலுக்கு. கோடை குறுகியதால் மீன் மெதுவாகத்தான் வளரும். அங்கே பிடிபடும் ஒரு மீற்றர் பைக் என் மகனைவிட மூத்ததாக இருக்கலாம். அதனால்தான் பெரியதைத் திருப்பி விடுகிற வழக்கம் அங்கே அவ்வளவு கறார். தூண்டிலும் எதிர்முள் இல்லாததாக இருக்கவேண்டும். குறட்டால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால் போதும். மாகாணத்தின் வட வலயத்தில் பருவம் மே 25இல் திறக்கிறது என்று கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்து மே கடைசிக்கு யாரும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். சட்டம் திறந்தாலும் பனி திறக்காது.

கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பெரிய பைக் என்றால் மூன்றில் இதற்கு ஈடில்லை. ஆனால் விடுதி, உள்ளூர் விமானம், வள்ளம், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐயாயிரம் டொலருக்கு மேல் எளிதாகப் போகும். லேக் ஒவ் த வூட்ஸில் நாமே சமைக்கிற குடிலும் வள்ளமும் பகிர்ந்தால் ஒரு கிழமைக்கு ஆளுக்கு ஆயிரம் டொலர் சுற்றுவட்டாரத்தில் முடிக்கலாம், விமானக் காசு தனி. நிப்பிசிங்கில் நீண்ட வார இறுதியை அதில் பாதிக்கும் குறைவாக முடித்துவிடலாம். காசைவிட எனக்கு உறுத்தியது வானிலை. சின்ன விமானம் மேகம் இறங்கினால் பறக்காது. ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாள் விமானத்துறை வாங்கில் போய்விடலாம். சுமைக்கும் நிறுவைக் கணக்கு உண்டு. அண்ணையின் சோற்றுப் பானை அந்த இடத்திலேயே தோற்றுவிட்டது.

சின்ன விமானம் என்றதும் ஒரு பக்கக் கதை. வடக்குக் காட்டு ஏரிகளில் இன்றும் பறக்கிற டி ஹவிலண்ட் பீவர் என்கிற சின்ன விமானம், 1947இல் முதன்முதலாகப் பறந்தது ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில்தான். தினமும் நாங்கள் வேலைக்குப் போகிற பாதையில் இருக்கிற இடம். அதில் ஏற இரண்டு மாகாணம் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது என்று மைத்துனர் குறைப்பட்டுக்கொண்டார்.

அனுமதிப்பத்திரம் பெரிய விடயமல்ல. ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு வேண்டும். அன்னையர் தின வார இறுதியில் கனடாவில் வசிக்கிறவர்களுக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமலே பிடிக்க விடுவார்கள், அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்ல சந்தர்ப்பம், ஆனால் நீங்கள் போகிற இடத்தில் அந்தத் தேதிக்குப் பைக் பருவம் திறந்திருக்கிறதா என்று அந்த வருடத்து மீன்பிடிக் கையேட்டில், அந்த இடத்தின் மீன்பிடி வலய எண்ணை வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அளவு விதியும் வலயத்துக்கு வலயம் மாறும். வடமேற்கில் பல இடங்களில் 70 முதல் 90 சென்றிமீற்றர் வரை உள்ள பைக்கை வைத்திருக்கக் கூடாது. இரை மீன் வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மாகாணத்தை நான்கு இரை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்றில் வாங்கியதை மற்றதுக்குள் கொண்டுபோகக் கூடாது. எங்களுக்கு அந்தத் தலையிடியே வேண்டாம். சிவப்பும் வெள்ளையும் பூசிய ஸ்பூன், களையில் கொழுவாத வெள்ளி ஸ்பூன், மென்மையான ரப்பர் மீன், இவை போதும். தங்கூசி நுனியில் ஒரு முழம் கம்பித் தலைப்பு மட்டும் கட்டாயம். அந்தப் பல்லுக்கு வெறும் தங்கூசி நூல் மாதிரி.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: மிதவை அங்கி. மூன்று ஏரியிலும் அந்தக் காலத்தில் தண்ணீர் கொல்லும் குளிர். குளிர்நீர் பற்றி இங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள்: விழுந்தால் திணறும் மூச்சைச் சீராக்கிக்கொள்ள 1 நிமிடம், கைகால் உருப்படியாக அசைய 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணித்தியாலம். நீந்தத் தெரிந்தவரும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு நீந்தமாட்டார். சுருட்டி இருக்கைக்கு அடியில் வைத்த அங்கியை அப்போது எடுத்துப் போடவும் முடியாது. போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும்.

சாப்பாட்டுக்கு எது நல்லது என்று அண்ணை கேட்டார். 60 சென்றிமீற்றர் மட்டான மீன்தான். பெரியதில் பாதரசம் சேரும். ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாக, நீளவாரியாக எத்தனை வேளை சாப்பிடலாம் என்று வெளியிடுகிறது, பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் அளவு இன்னும் இறுக்கம். முதுகுச் சதைக்குள் கவைபோல ஒரு வரிசை முள் ஓடும். இங்கத்தையவர்கள் அதைத் தவிர்த்து ஐந்து துண்டாகச் சீவி எடுப்பார்கள். அண்ணை சிரித்தார். கெண்டை முள்ளோடு வளர்ந்தவருக்கு இது ஒரு முள்ளா? பழப்புளி கரைத்து, வெந்தயம் போட்டு வைத்தால் பைக் குழம்பு மறுநாள் காலமை பாணுக்கு இன்னும் நல்லாக இருக்கும். சதை வெள்ளை, உதிரும். அடிக்கடி கிளறக் கூடாது.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு லேக் ஒவ் த வூட்ஸ், மே கடைசிக் கிழமை, வின்னிபெக் வழியாக. மைத்துனரின் வேலையிடம் விக்டோரியா நாளுக்கு மறு கிழமையும் லீவு தந்தது, அதுதான் தராசைச் சாய்த்தது. தந்திருக்காவிட்டால் நிப்பிசிங்தான், வாதாடியிருக்கவே மாட்டேன். முதல் முறை போகிறவர்களுக்கும், ஐந்து வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கும் இன்றும் நிப்பிசிங்கைத்தான் சொல்வேன். விடிந்து மழை பெய்தால் நாலு மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். வொலாஸ்டனை மகனின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு என்று தள்ளியிருக்கிறோம். அவன் நாட்காட்டியில் குறித்துவிட்டான். இப்போது மாதம் இருபது டொலர் ஒரு பால்மா டின்னுக்குள் போகிறது. போன கிழமை அம்மாவும் அதில் ஐந்து டொலர் போட்டார், "எந்தப் பைக்கெண்டாலும் சரி, ஹெல்மெட் வாங்கு" என்று சொல்லிக்கொண்டு.